தேவசகாயத்துக்காக நான் செய்த ஜெபம்

ஆகஸ்ட் 19, 1934, ஞாயிறு. ஆம்பூர்.

தேவசகாயம் பட்டப்படிப்புக்கு ஹாங்காங் போகிறான். அங்கே எல்லாப் பாடமும் இங்கிலீஷில்தானாம். பள்ளியில் இங்கிலீஷ் பரீட்சையை என்னைப் பார்த்து எழுதியவன் அவன். நானோ தோல் பதனிடும் ஷாப்பில் குமாஸ்தா.

இன்று அவன் வீட்டில் வழியனுப்பும் ஜெபக்கூட்டம். அவன் அம்மா, "நீதானே அவனுக்கு தோஸ்த். நீயே ஜெபம் பண்ணுப்பா" என்றார்.

கண்ணை மூடினேன். "ஆண்டவரே, இவனைச் சீக்கிரமாய் எங்களிடம் திரும்பி வரப்பண்ணும்." எல்லோரும் உருகி ஆமென் சொன்னார்கள். அம்மா அழுதேவிட்டார்.

தேவசகாயம் மட்டும் ஆமென் சொல்லவில்லை. வாசலில் என்னை நிறுத்தி, "படிப்பு நாலு வருஷம்டா. சீக்கிரம் வந்துட்டா இன்னா அர்த்தம்?" என்றான். சிரித்து மழுப்பினேன்.

படுக்குமுன், அவனுக்காக ஒழுங்காக ஜெபிக்க முழங்காலிட்டேன். அதே வார்த்தைதான் வாயில் வந்தது. இந்த முறை ஆமென் சொன்னவனும் நானே.