கதவுக்குள் கேட்ட சத்தம்

வடக்குத் தெரு,
பசுவந்தனை வழி.

அன்பு மகன் சதீஷ்குமாருக்கு அம்மா எழுதுவது. நீ அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு, வெயிலில் தலைக்குத் துணி கட்டிக்கொண்டு நல்லபடியாக இருக்கிறாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். இங்கே நான், அப்பா, உன் தங்கச்சி முத்துச்செல்வி மூன்று பேரும் உடம்பளவில் நன்றாக இருக்கிறோம். மனசைப் பற்றிக் கேட்காதே, அதைத்தான் எழுதப் போகிறேன். போனில் சொல்ல வந்தால், சுருக்கமாச் சொல்லும்மா சூப்பர்வைசர் பாக்கான் என்கிறாய். இது சுருக்கமாகச் சொல்கிற விஷயம் இல்லை. அதோடு நான் போனில் பேசினால் உங்க அப்பா எழுந்து வெளியே போய்விடுகிறார், நீயும் அரைகுறையாகக் கேட்டுவிட்டு உங்க பெரியப்பா மகனுக்கு வாட்ஸப்பில் வாய்க்கு வந்ததை அனுப்புகிறாய். அதனால் மேலத்தெரு சீனி லீவு முடிந்து கத்தாருக்குத் திரும்பும்போது அவன் பெட்டியில் உளுந்தும் மிளகாய் வத்தலும் வைத்து, அதற்கடியில் இந்தக் கடிதத்தையும் வைத்து அனுப்புகிறேன். முழுசும் படி.

நம்ம தெக்குக் காட்டைச் சுற்றி வேலி போட்டுவிட்டார்கள். நீ போகும்போது வடபுறம் மட்டும்தான் சோலார் கம்பெனி வாங்கியிருந்தது, இப்போது நாலு பக்கமும் அவர்கள்தான். நடுவில் நம்ம காடு மட்டும் கறுப்பாகக் கிடக்கிறது. வண்டிப்பாதை வேலிக்குள் போய்விட்டது. களையெடுக்கப் போகணும் என்றால் கம்பெனி கேட்டில் நிற்கணும். நாகலாபுரத்துப் பையன் ஒருவன் வாட்ச்மேன். எங்க போறிய பெரியம்மா, பேரைச் சொல்லுங்க என்று தினமும் கேட்டு எழுதிக்கொள்கிறான். என் காட்டுக்குப் போக நான் பெயர் கொடுக்கணும். அவனைத் திட்டி என்ன செய்ய, அவன் வீட்டுக் காட்டையும் விற்றுவிட்டுத்தான் இங்கே வந்து நிற்கிறானாம். இத்தனை வருஷம் மானாவாரிக் காட்டைச் சும்மா கொடுத்தாலும் வேண்டாம் என்றவர்கள் எல்லாம், வெயிலுக்கு விலை வந்ததும் பத்திரத்தைத் தேடுகிறார்கள். உங்க பெரியப்பா திருப்பதியும் தேடினார், அவருக்குக் கிடைத்துவிட்டது. கோயில் கொடை முடிந்த மறுநாள் வந்து வாசலில் நின்றுகொண்டே உங்க அப்பாவிடம், ஏலே கருத்தையா, தெக்குக் காடும் எனக்குத்தாம்னு கோர்ட்டு அன்னைக்கே சொல்லிட்டுது, இவ்வளவு நாளு நீ உழுதது என் தயவு, கம்பெனிக்குக் கிரயம் பேசியாச்சு, உளுந்து எடுத்ததோட விட்டுருங்க என்றார். காப்பி குடிங்க என்றேன். வேண்டாம் என்றுவிட்டார். உங்க அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

கோர்ட்டு எப்போது சொன்னது என்று உனக்குத் தெரியாது. தாத்தா சாகும்போது வடக்குக் காடு மூத்தவனுக்கு, தெக்குக் காடு இளையவனுக்கு என்று ஊரில் நாலு பேர் முன்னால் வாயால் சொன்னதுதான் பாகம். தாள் கிடையாது. பிறகு பெரியப்பா, எல்லாம் எனக்கு என்று தாத்தா உயில் எழுதியதாகக் கேஸ் போட்டிருக்கிறார். கோர்ட்டு அமீனா சம்மன் கொண்டு வருகிறான் என்று தெருவில் சொன்னதும் நம் ஆட்கள் என்ன செய்வார்கள், உனக்கே தெரியும். வீட்டை வெளியே பூட்டுவார்கள், ஆம்பளைகள் காட்டுக்கு ஓடிவிடுவார்கள். கையில வாங்குனாத்தான் கேசு, வாங்காட்டா அந்தக் கேசு நம்மளத் தொடாது என்று ஊரே நம்பியது, இன்றும் பாதிப்பேர் நம்புகிறார்கள். படித்தவன் எவனும் வந்து இல்லை என்று சொல்லவில்லை, வக்கீலிடம் கேட்க இவர்களுக்கும் ரோசம் விடவில்லை. அப்படித்தான் உங்க அப்பாவும் என்னையும் உன்னையும் உள்ளே வைத்து வெளியே பூட்டிவிட்டுப் போனார். உனக்கு ஆறு வயசு. முத்துச்செல்வி என் வயிற்றில். அமீனா கதவில் தாளை ஒட்டிவிட்டுப் போனான். சாயங்காலம் வந்து அப்பா அதைச் சுரண்டிப் போட்டார், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருத்தரும் படிக்கவில்லை. நான் பத்தாவது படித்தவள், படிக்கிறேன் என்றேன். பொம்பள கையில பட்டாலும் வாங்குன மாதிரிதான் என்று உங்க அப்பா தட்டிவிட்டார். அதற்குப் பிறகு பெரியப்பாவும் வாயைத் திறக்கவில்லை, நல்லது கெட்டதுக்கு வந்துபோனார், நாமும் உழுதோம். கேஸ் செத்துப்போனது என்று நினைத்தோம்.

வக்கீல் பூவனலிங்கத்திடம் போனேன். அவர், உங்க மாமனார் கதையெல்லாம் பெறவு கேக்கேன், முதல்ல கேஸ் கட்டு நகல் கொண்டாங்க, அதைப் பாக்காம நான் ஒண்ணும் சொல்ல முடியாது என்றார். கேஸ் கட்டு என்றால் பெரியப்பா போட்ட வழக்கு, தீர்ப்பு, சம்மன் போன விவரம் எல்லாம். கோர்ட்டில் நம்பர் கேட்டார்கள். நம்பர் தெரியாது என்றால் வருஷம் கேட்டார்கள். உங்க அப்பாவைக் கேட்டால் சுவரைப் பார்க்கிறார். முத்துச்செல்வி பிறந்த வருஷத்தை வைத்து நான்தான் சொன்னேன். பிரவுசிங் சென்டரில் பேர் போட்டுத் தேடினோம், பழைய கேஸ் கம்ப்யூட்டரில் ஏறவில்லை. வில்லங்கம் போட்டுப் பார்த்தோம், அதிலும் ஒரு வரி இல்லை. பிறகு தேடிப் பார்க்க ஒரு மனு கொடுத்து, அந்த வருஷத்து ரிஜிஸ்தரைப் புரட்டி நம்பரை எடுத்தோம். அப்பாடா என்று நகலுக்கு மனு கொடுத்தால், நீங்க இந்தக் கேசுல கட்சிக்காரரா என்றார்கள். இல்லை, என் வீட்டுக்காரர் என்றேன். அப்போ நீங்க மூணாம் நபர், எதுக்கு வேணும்னு பிரமாணப் பத்திரம் போட்டு ஜட்ஜய்யா உத்தரவு வாங்கணும், இல்லன்னா உங்க வீட்டுக்காரரைக் கையெழுத்துப் போடச் சொல்லுங்க என்றார்கள். பேனாவை நீட்டினால் உங்க அப்பா தொடவே இல்லை. வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து அந்தக் காட்டில் குனிந்து கிடக்கிறேன், நான் மூன்றாம் நபராம். ஒருநாளும் மண்ணில் கால் வைக்காத பெரியப்பா வாதியாம். அன்றைக்குப் பஸ்ஸில் வரும்போது எனக்கு வந்த கோபத்தில் பக்கத்தில் இருந்த அம்மாவிடம் காரணமில்லாமல் சண்டை போட்டேன்.

உத்தரவு வாங்கிய பிறகும் விடவில்லை. நகல் எடுக்க எத்தனை முத்திரைத்தாள் வேணும் என்று கோர்ட் வராண்டாவில் ஒரு போர்டில் ஒட்டுவார்கள். ஒட்டியதிலிருந்து குறித்த கெடுவுக்குள் தாளைக் கொண்டுபோய்க் கட்டணும், இல்லாவிட்டால் மனு தள்ளுபடி. என்றைக்கு ஒட்டுவார்கள் என்று யாரும் சொல்லமாட்டார்கள். தினமும் போய்ப் பார்க்கணும். போன் போட்டுச் சொன்னா என்ன என்று கேட்டதற்கு அங்கே இருந்த பிள்ளை, நாங்க என்ன சிலிண்டர் கம்பெனியாக்கா என்று சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன், வேறு என்ன செய்ய. தினமும் கோவில்பட்டி போய் அந்தப் போர்டைப் பார்த்துவிட்டு வந்தேன். கரெக்டாக ஒட்டுகிற சமயத்தில் மழை பிடித்துக்கொண்டது. உனக்குத் தெரியும், கரிசல் நனைந்தால் காலை விடாது, பஸ் நிற்கிற இடம் வரைக்கும் போவதற்குள் காலுக்கொரு பானை மண். தெருவை விட்டு நகர முடியவில்லை. வெயில் அடித்த பிறகு போனால் என் மனுவைத் தள்ளுபடி செய்து அதே போர்டில் ஒட்டியிருந்தார்கள். காடு கம்பெனி வேலிக்குள், நான் மழைக்குள், கேஸ் கட்டு அலமாரிக்குள். மறுபடியும் முதலிலிருந்து மனு போட்டேன். பழசெல்லாம் சிலதை அழிச்சிருப்பாங்கக்கா, இருந்தாத்தான் தருவோம் என்று அந்தப் பிள்ளை சொல்லிவிட்டது.

போன வாரம் நகல் கையில் வந்தது. அழிக்கவில்லை. கோர்ட் வேப்பமரத்தடியில் நின்றே படித்தேன். பிரதிவாதி ஆஜராகவில்லை, ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு, அவ்வளவுதான். உயிலைப் பற்றி ஒருத்தரும் ஒரு கேள்வி கேட்கவில்லை, கேட்க ஆள் இல்லையே. கடைசியில் அமீனா எழுதிய அறிக்கை. அதை உனக்காக அப்படியே எழுதுகிறேன். "பிரதிவாதியின் வீடு வெளியே பூட்டியிருந்தது. பலமுறை கூப்பிட்டும் பதில் இல்லை. உள்ளே குழந்தையின் சத்தம் கேட்டு உடனே நின்றுவிட்டது. ஆகவே கிராம உதவியாளர் முன்னிலையில் சம்மனை வாசற்கதவில் ஒட்டினேன்." குழந்தைச் சத்தம் என்ற வரியைத் திரும்பவும் படித்தேன். நீ இப்போதும் முத்துச்செல்வியிடம் சொல்வாயே, அம்மாவும் நானும் இருட்டுக்குள்ள ஒளிஞ்சு விளையாண்டோம், அம்மா என் வாயைப் பொத்திக்கிட்டா என்று. அந்தச் சத்தம்தான். ஓட்டுக்கு அடியில் வேகிற வெயிலில் நீ தண்ணி கேட்டாய் ஐயா. சொம்பு அடுப்படியில், எழுந்து போனால் கொலுசு கேட்கும்.

வக்கீலிடம் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு, இந்த வரி இருக்கே, இதுதான் நம்மளக் கட்டிப்போடும், சம்மன் வந்ததே தெரியாதுன்னு நாம மனு போட்டா இதைக் காட்டித்தான் எதிர்த்தரப்பு வக்கீல் உடைப்பான் என்றார். பிறகு, வீட்டுல யாருமே இல்ல, எல்லாரும் குளத்தூருல கல்யாணத்துக்குப் போயிருந்தோம், அமீனா கேட்டது பக்கத்து வீட்டுப் பிள்ளை சத்தம்னு எழுதிருவோம், உங்க வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டாப் போதும் என்றார். எனக்குச் சரி என்றுதான் பட்டது, உன்னிடம் மறைக்கவில்லை. பொய் உயிலுக்கு முன்னால் இது என்ன பெரிய பொய். பெரியப்பா கிரயம் முடிப்பதற்குள் ஏதாவது செய்யணும், வேறு எதுவும் என் கண்ணில் படவில்லை. வீட்டுக்கு வந்து உங்க அப்பாவிடம் எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டவர், பக்கத்து வீட்டுப் பிள்ளை என்ற இடத்தில் திரும்பினார். ஏட்டி மாரிச்செல்வி, அது எம்மவன் சத்தம், பூட்டுனது நாந்தான், தண்ணிகூட வைக்காம பூட்டிட்டுப் போயிருக்கேன், அதையும் ஊரான் பிள்ளைன்னு எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுதியா, நான் பூட்டுனேன்னு எழுதச் சொல்லு, இப்பவே போடுதேன் என்றார். பெரியப்பா வந்துபோன பிறகு அவர் பேசிய முதல் பேச்சு அதுதான். நான் கத்தினேன். நெசத்தச் சொன்னா காடு போயிரும் என்றேன். மறுநாள் விடிந்ததும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் பஸ்ஸுக்கு நின்றார்.

அந்தத் தீர்ப்பை ரத்து செய்யச் சொல்லி மனு போட்டாகிவிட்டது, நடந்தது நடந்தபடி. இத்தனை காலம் கழித்து வந்திருக்கிறீர்கள் என்று கோர்ட் தூக்கி எறிந்தாலும் எறியும், நான் நிச்சயம் சொல்லமாட்டேன் என்று வக்கீல் சொல்லிவிட்டார். ஆனால் இவ்வளவு வருஷமும் உழுதது நாம்தான் என்பதை ஊர் சொல்லும், அதைப் பிடித்துக்கொண்டு பேசிப் பார்க்கிறேன் என்கிறார். அதுவரை வேலிக்குள் போய் விதைத்துவிட்டுத்தான் வருகிறேன், வாட்ச்மேன் பையனிடம் பெயரைச் சத்தமாகச் சொல்கிறேன், எழுதட்டும். நீ வேலையை விட்டுவிட்டு வருகிறேன் என்று குதிக்காதே. பெரியப்பா மகனுக்கு ஒரு செய்தியும் அனுப்பாதே, நீ அனுப்பியதை எல்லாம் அவன் பிரிண்ட் எடுத்து வைத்திருக்கிறானாம். எந்தத் தாள் எங்கே வந்து ஒட்டினாலும், அது உன் கம்பெனிக்காரன் கொடுத்தாலும் சரி, ஓடாமல் வாங்கிப் படி. எண்ணெய்ப் பலகாரம் குறை. நம்ம குலசாமி உனக்குத் துணையிருக்கும், நீண்ட ஆயுசோடும் தெம்போடும் இருப்பாய்.

ஒன்று மட்டும் கேட்டு எழுதச் சொல்லி உங்க அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். சாட்சிக்குக் கூப்பிட்டால் லீவு போட்டு வந்து கூண்டில் ஏறி, உள்ளே கேட்டது என் சத்தம்தான் என்று சொல்வாயா என்று கேட்கிறார். மறக்காமல் பதில் எழுது. இனி அதை விளையாட்டு என்று யாரிடமும் சொல்லாதே.

இப்படிக்கு,
உன் அம்மா
க. மாரிச்செல்வி