பேத்தியின் வண்டிக்கு நூல் அளவு

சென்னை
14-8-1936

அன்புள்ள செல்லியம்மாளுக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். நீயும் மகள் அங்காளும் பச்சைக் குழந்தையும் சுகம் என்று நீ இரண்டு வரி எழுதினால் மனம் ஆறும்.

சம்பந்தி மாதையன் சொன்னதை நீ எழுதியிருந்தாய். படித்தபின் எனக்குச் சோறு இறங்கவில்லை. "பேரன் பொறந்தா தொரை ஊட்டுப் புள்ளையாட்டத் தள்ளுவண்டியில வரோணுமுங்க, நீங்கதான் பட்டணத்துல வாங்கோணும்" என்று ஊரறியக் கேட்டவர் அவர். இப்போது பேத்தி பிறந்ததும், "பொட்டப்புள்ளைக்கு வண்டி எதுக்குங்க? சேலைத் தொட்டில் போதும்" என்கிறாராம். அங்காள் கல்யாணத்தன்று என்னைத் தன் வாசலிலேயே நிற்கவைத்த மனிதர் வேறெப்படிப் பேசுவார்? நான் எதையும் மறக்கவில்லை.

நேற்றே கடைக்குப் போனேன். ஒரு வண்டி குழந்தை படுக்க மட்டும். மற்றதில் சாய்ந்து உட்கார இருக்கையும் உண்டு. கடைக்காரன் என் வேட்டியைப் பார்த்து, "எந்தத் தொரை அனுப்பிச்சாரு?" என்றான்.

"என் பேத்திக்கு ஐயா!" என்று அதட்டினேன்.

"அப்படியா, கொழந்த எம்மாம் நீளம்?"

கையை விரித்தேன். எவ்வளவு விரிப்பது என்று தெரியவில்லை. சும்மா திரும்பிவிட்டேன். சிரிக்க வேண்டிய விஷயம்தான், நீ வருந்தாதே.

தறியிலிருந்து ஓர் இழை நூல் எடுத்து, அவளை உச்சி முதல் குதிகால் வரை அளந்து, முடிச்சுப் போட்டு உறையில் வை. குழந்தையை அளந்தால் கண்படும் என்று யாராவது தடுத்தால், நான் சொன்னதாகச் சொல். அந்த வண்டி மாதையன் வாசல் வழியாகத்தான் போகும்.

முடிச்சை ஒட்டி நூலை வெட்டிவிடாதே. நாலு விரற்கடை கூடவே விடு. எனக்கு லீவு கிடைப்பதற்குள் அவ்வளவு வளர்ந்துவிடுவாள்.

தபாலுக்கு நேரமாகிவிட்டது.

தீர்த்தகிரி