கண் திறந்த பூதப்படை

என் ராசா சரவணனுக்கு,

நீ நலமா என்று கேட்டால் பதில் வராத இடத்துக்குப் போய்விட்டாய். அதனால் எங்கள் சேதியை மட்டும் எழுதுகிறேன். உன் பூதப்படை கிளம்பிவிட்டது. உன் பெண்டாட்டி மலர்தான் அதை நடத்திக்கொண்டு போனாள். போகக் கூடாது என்று சொன்னவர்கள் சொன்ன இடத்திலேயே நிற்கிறார்கள்.

இதை உன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து தனியாகச் சொல்லியிருக்கலாம். ஊரும் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். அஞ்சாவதோடு நின்ற படிப்பு என்னுடையது. பிழை இருந்தால் உன் மகள் இலக்கியா திருத்துவாள். ஏழாவது படிக்கிறவள் இங்கிலீஷை எழுத்துக்கூட்டாமல் படிக்கிறாள் தெரியுமா? என் பேத்தி என்று நானே சொல்லக் கூடாது, ஆனாலும் சொல்லுவேன்.

கடைசி லீவில் சிங்கப்பூரிலிருந்து அந்தப் பெட்டியைக் கொண்டுவந்தாய். திறந்தால் சாம்பல் நிறத்தில் பிளாஸ்டிக் சட்டங்கள். அதில் கையும் காலும் தலையும் தனித்தனியாக ஒட்டிக்கொண்டு கிடந்தன. என்னடா இது என்றேன்.

“படை, ஆத்தா. வெட்டி ஒட்டி, பெயின்ட் அடிச்சு, மேசையில நிறுத்தணும். எதுத்தாப்புல இன்னொருத்தர் படை நிக்கும். தாயம் மாதிரி கட்டையை உருட்டி மோத விடணும்.”

பிள்ளை பெற்றவனுக்குப் பொம்மை கேட்கிறதா என்று நான் சிரித்தேன். நீயும் சிரித்தாய். ஞாயிற்றுக்கிழமைகளில் ரூமில் படுத்து விட்டத்தைப் பார்ப்பதை இதுதான் நிறுத்தியது என்றாய். அடுத்த லீவில் மலருக்கும் ஆடச் சொல்லிக்கொடுத்து, திருச்சியில் ஆடுகிற கூட்டத்துக்கு அவளைக் கூட்டிப் போவதாகச் சொன்னாய். அவள் வெட்கப்பட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். அடுத்த லீவுக்கு நீ நடந்து வரவில்லை.

கருமாதி முடிந்த கையோடு உன் பெரியப்பா அலமாரியைத் திறந்து அந்தப் பெட்டியைப் பார்த்தார். அவரைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, படிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். அய்யனாருக்கு மண்குதிரை கொண்டுபோகிற புரவி எடுப்பு என்றால் ஊருக்கு முன்னால் நிற்பவர். அவர் ஒன்று சொன்னால் பங்காளிகள் மறுத்துப் பேச மாட்டார்கள். கோரைப்பல்லையும் வளைந்த கத்தியையும் இடுப்பில் தொங்கும் மண்டை ஓட்டையும் பார்த்தவர், இது வீட்டுக்குள் வந்த பிறகுதான் பிள்ளை போனான், இதற்குள் எமன் இருக்கிறான், கண்மாயில் போடுங்கள் என்றார்.

நெஞ்சுவலியை வாயுப்பிடிப்பு என்று நினைத்து நீ வேலைக்குப் போனதை உன் ரூம்காரப் பையன் போனில் அழுதுகொண்டே சொன்னான். அதற்குப் பிளாஸ்டிக் பூதம் என்ன செய்யும்? ஆனால் அன்றைக்கு எதிர்த்துப் பேச என்னிடம் மூச்சு இல்லை. பெட்டியைத் துணியில் சுற்றி அரிசி டிரம்முக்குள் இறக்கினேன். போட்டாச்சா என்று கேட்டார். போட்டாச்சு என்றேன். பொய்தான். அந்தப் பொய்யை இப்போதும் சொல்லுவேன்.

மலர் பேச்சை விட்டுவிட்டாள். கேட்டால் தலையாட்டுவாள், சோறு வைத்தால் சாப்பிடுவாள். பெற்றவர்கள் வந்து கூப்பிட்டும் போகவில்லை. ஒருநாள் அரிசி அளக்கப் போனவளைக் காணோமே என்று பார்த்தால், டிரம்முக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். மடியில் பெட்டி, கையில் நகவெட்டி. சட்டத்திலிருந்து ஒரு பூதத்தின் கையை வெட்டி எடுத்திருந்தாள். உலை கொதித்து வழிந்துகொண்டிருந்தது.

“அத்தை, இந்தக் கை எந்த உடம்புக்குச் சேரும்?”

அத்தனை நாளுக்குப் பிறகு அவளாக என்னிடம் கேட்டது அதுதான். நான் என்ன செய்வேன் சொல்லு. அடுப்பை அணைத்துவிட்டு நானும் உட்கார்ந்தேன்.

எல்லாவற்றையும் ஒரேயடியாக வெட்டிக் குவித்து, எந்தக் காலுக்கு எந்த உடம்பு என்று தெரியாமல் முழித்தோம். இலக்கியா பள்ளிக்கூடம் விட்டு வந்து, பெட்டிக்குள் இருந்த இங்கிலீஷ் புத்தகத்தைப் படித்துச் சொன்னாள். முதல் படை கட்டுகிறவர்கள் பேராசைப்படக் கூடாதாம். ஒரு தலைவன், அவனோடு ஒரு சின்னக் கூட்டம், அதை முடித்துச் சின்னதாக ஓர் ஆட்டம் ஆடிப் பார்த்துவிட்டுத்தான் மற்றவற்றைத் தொட வேண்டுமாம். என் புத்தி அன்று எங்கே போனதோ, பெயின்ட் வேலை எனக்குத் தெரியும் என்று நான் இறங்கினேன். கேட்டுக்கு அடித்த பெயின்ட் டப்பாவில் மிச்சம் இருந்தது. அதை எடுத்துத் தலைவனுக்குப் பூசினேன். மூக்கு, வாய், பல் எல்லாம் மூடிப்போயிற்று.

“அப்பத்தா, இது பூதம் இல்ல, பணியாரம்” என்றாள் உன் மகள்.

பிறகு அவளே கீரனூர் கடையில் சின்னச் சின்னக் குப்பிகளில் வேறு பெயின்ட் வாங்கிவரச் சொன்னாள். தண்ணீர் விட்டுக் கரைத்து, மெல்லியதாக ஒரு பூச்சு, காய்ந்த பிறகு இன்னொரு பூச்சு. அந்தத் தலைவனை மலர் உட்கார்ந்து சுரண்டிச் சுரண்டி மீட்டாள்.

பெட்டிப் படத்தில் பூதங்கள் பச்சை நிறம். நான் கருப்பர் கோயில் வாசலில் நிற்கிற சிலைகளைப் போல நல்ல செவலையாகப் பூசி, முறுக்கு மீசையும் வைத்தேன். இலக்கியா ஒத்துக்கொள்ளவில்லை.

“பூதம் பச்சைதான் அப்பத்தா. போட்டிருக்குல்ல.”

“நீ நேர்ல பாத்தியாடி?”

“நீ பாத்தியா?”

“ஒன் தாத்தாவைக் கட்டிக் குடும்பம் நடத்துனவ. எனக்குத் தெரியாதா?”

மலர் சிரித்துவிட்டாள். புரை ஏறும் அளவுக்குச் சிரித்து, பிறகு அழுதாள். நாங்கள் இருவரும் தூரிகையைக் கீழே வைக்காமல் பூசிக்கொண்டே இருந்தோம். உங்கப்பா அங்கே உன் பக்கத்தில் இருந்தால், நான் அவரைச் சொன்ன வரியை மட்டும் படித்துக் காட்டாதே.

முகம் முடித்த கையோடு கண்ணையும் வைத்துவிடலாம் என்றாள் மலர். நான் விடவில்லை. நம் ஊரில் மண்புரவிக்கு எப்போது கண் திறக்கிறோம்? எல்லா வேலையும் முடிந்து, அதைச் செய்கிற வேளார் வீட்டிலிருந்து கோயிலுக்குக் கிளம்புகிற அன்றைக்குத்தான். கண் திறந்த பிறகு அது வீட்டில் தங்கக் கூடாது. தன் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தாக வேண்டும். இவை சண்டைக்குப் போகிறவை, இவற்றுக்கும் அப்படித்தான் என்றேன். அதனால் உன் படை குளிர்சாதனப் பெட்டி மேல் கண்ணில்லாமல் வரிசையாக நின்றது.

உன் போனிலிருந்து மலர் திருச்சிக் கூட்டத்துக்குச் சேதி அனுப்பினாள். உன் பெயரைப் பார்த்ததும் அவர்கள் பதறிப்போய்ப் பேசினார்கள். ஞாயிற்றுக்கிழமை வாங்க, அண்ணன் படைக்கு ஒரு மேசை போட்டு வைக்கிறோம் என்றார்கள். மலர் என்னைப் பார்த்தாள். போடி என்றேன். இல்லை, வா போவோம் என்றேன்.

சேதி தெருவுக்குப் போகாமல் இருக்குமா? அந்த ஞாயிறு காலையில் உன் பெரியப்பா பங்காளிகளோடு வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்தார். வருச திவசம் இன்னும் கழியவில்லை, புருசனைக் கொடுத்தவள் ஊர் விட்டு ஊர் போய் ஆம்பளைகளோடு கட்டை உருட்டுவாளா என்றார். கூடவே ஒரு சொல் சொன்னார். அதை எழுதி உன் காதில் போட மாட்டேன். மலர் புதுச்சேலையில் நின்றவள் உள்ளே போகத் திரும்பினாள். இப்போது உள்ளே போனால் இந்தப் பிள்ளை இனி வெளியே வராது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

“கண்மாயில போட்டேன்னு சொன்னேல்ல? எடுத்துட்டு வா அந்தக் கருமத்தை. நானே கொண்டு போறேன்” என்றார் உன் பெரியப்பா.

தாம்பாளத்தோடு எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு தலைவனைத் தூக்கினார். அது அவரை முறைத்துப் பார்த்தது. அன்று விடியலில் தலைக்கு ஊற்றிக்கொண்டு, ஈர்க்குச்சியை நுனி சீவி, அத்தனைக்கும் நான் கண் திறந்திருந்தேன். வெள்ளையில் கறுப்புப் பொட்டு.

அவர் கை தானாகத் தாழ்ந்து அதைத் தட்டில் வைத்தது.

“கண்ணு தொறந்துட்டியா?”

“தொறந்தாச்சு மச்சான்.”

“ஏத்தா, சாமிக்கும் பொம்மைக்கும் வித்தியாசம் தெரியாதா ஒனக்கு?”

“நீங்கதான் இதுக்குள்ள எமன் இருக்கான்னீங்க. எமன் இருக்கலாம், கண்ணு மட்டும் இருக்கக் கூடாதா?”

பங்காளிகளில் ஒருவர் துண்டை வாயில் வைத்துக்கொண்டார். கண் திறந்ததைத் தண்ணீரில் வீசிவிட்டு அடுத்த புரவி எடுப்புக்கு ஊர் முன்னால் எப்படி நிற்பார் உன் பெரியப்பா? அவர் எழுந்திருக்கவும் இல்லை, கையை நீட்டவும் இல்லை.

“கண்ணு தொறந்தது வீட்டுல தங்கக் கூடாது. நீங்க சொல்லிக் குடுத்ததுதான். வழி விடுங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு” என்றேன்.

உபாயம் பண்ணிவிட்டாள் கிழவி என்று தெருவில் பேசுகிறார்கள். உபாயம்தான். ஆனால் ஒவ்வொரு கண்ணுக்கும் பொட்டு வைக்கும்போது நான் உன் பெயரைச் சொல்லித்தான் வைத்தேன். அது உபாயத்தில் சேருமா?

திருச்சியில் ஒரு கடைக்கு மேல் மாடி. மேசையில் தெர்மாகோல் மலை, பாசி ஒட்டிய காடு. தாடி வைத்த பிள்ளைகள் எல்லாரும் எழுந்து நின்று எங்களை வரவேற்றார்கள். மலருக்கு எதிரில் குடுமி போட்ட ஒரு பையன். அவன் படை முழுக்க வெள்ளைக் குதிரையில் நெட்டை நெட்டையான வில்வீரர்கள்.

“பாட்டி, ஒங்க ஆளுங்க எல்லாம் என்னையே பாக்குறாங்க” என்றான்.

“பாக்கத்தான் தம்பி வந்திருக்காங்க” என்றேன்.

மலருக்கு ஆட்டம் புதுசு. டேப்பை நீட்டி அளந்து ஒரு கூட்டத்தை நகர்த்த வெகுநேரம் பிடித்தது. அந்த வில்வீரர்கள் தூரத்திலிருந்தே நம் ஆட்களைச் சாய்த்தார்கள். கட்டையும் நம் பக்கம் விழவில்லை. கடைசியில் தலைவன் மட்டும் நின்றான். எங்கள் பணியாரம். அந்தப் பையன் நல்ல பையன், இரக்கப்பட்டு, “இதோட முடிச்சுக்குவமாக்கா?” என்று கேட்டான்.

மலர் நிமிர்ந்து பார்த்தாள். “ஏங்க முடிக்கணும்? ஒருத்தர் நிக்கிறார்ல” என்றாள்.

அந்தத் தலைவனைக் குதிரைகளுக்கு நடுவில் கொண்டுபோய் நிறுத்தி, இரண்டு பேரைச் சாய்த்துவிட்டுத்தான் விழவைத்தாள். தோற்றுப்போனோம் சரவணா. தோற்றவள் நாற்காலியை விட்டு எழுந்து, அடுத்து யார் ஆடுகிறீர்கள் என்று சுற்றிக் கேட்டாள். நீ கட்டிக்கொண்டு வந்தாயே, கல்யாணத்தன்று வாய் ஓயாமல் பேசிய பெண், அவள் குரல் அது.

படையை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவரவில்லை. அங்கேயே கண்ணாடி அலமாரியில் ஒரு தட்டு ஒதுக்கிக் கொடுத்தார்கள். மறுநாள் கடைத்தெருவில் உன் பெரியப்பா என்னை நிறுத்தினார். பொம்மை எங்கே என்று கேட்டார். அதுங்க இடத்தில் இருக்கிறது என்றேன். எங்கிட்டு என்றார். திருச்சியில் என்றேன்.

“அப்ப, ஆடணும்னா அவ மறுபடி அங்கிட்டுப் போகணுமா?”

“போகணும்ல” என்றேன். அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே நின்றார். நான் வந்துவிட்டேன்.

உனக்கு வாக்குத் தருகிறேன். உன் திவசத்துக்கு எல்லா முறையும் செய்வோம், ஒன்றும் குறையாது. அந்த வாரமும் ஞாயிற்றுக்கிழமை வரும், மலர் பஸ் ஏறுவாள். மறிக்கிறவர்கள் என்னைத் தாண்டித்தான் மறிக்க வேண்டும். என் காலம் முடிந்து நான் உன்னிடம் வரும்போது, மலர் எங்கே ஆத்தா என்றுதான் நீ முதலில் கேட்பாய். ஆடிக்கொண்டிருக்கிறாள், இப்போதைக்குக் கூப்பிடாதே என்று சொல்லும்படி வைத்துவிட்டுத்தான் வருவேன்.

மலருக்கு மாமியாரும், இலக்கியாவுக்கு அப்பத்தாவும்,
உனக்கு என்றைக்கும் ஆத்தாவுமான
அன்னம்