ஓட்டல் விரிப்புகளும் உன் புது உத்தியோகமும்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் இருவரும் நலம், அப்பாவின் முழங்கால் மட்டும் படியேறும்போது தகராறு செய்கிறது, களிம்பு தடவச் சொன்னால் என்னோடும் தகராறு செய்கிறார். உன் நலத்தை எழுது, நேரத்துக்குச் சாப்பிடுகிறேன் என்று கதை விடாமல் எழுது. போனில் சொன்னால் நீ குறுக்கே பேசியே என்னை மடக்கிவிடுவாய், அதனால்தான் கடிதம்.

போன ஞாயிறு நீ விளக்கியது எனக்குப் புரியாமல் இல்லை. எதை வளர்ப்பது, எதைக் கைவிடுவது என்று உங்கள் கம்பெனி பார்ப்பதுபோல உன்னையே ஒரு கம்பெனியாக வைத்துப் பார்த்தாய். காது கேளாத பிள்ளைகளுக்குக் கருவி பொருத்தும் வேலையில் இனி வளர்ச்சி இல்லை, விற்பனைப் பிரிவின் தலைமைப் பதவியில் இருக்கிறது, பழைய வேலை கைவிட்டுப் போகாமல் இருக்கச் சனிக்கிழமைகளில் மட்டும் பிள்ளைகளைப் பார்க்கலாம் என்றாய். புது ஆபீஸ் நம் வீட்டுக்குப் பக்கம், நினைத்தால் வந்துவிடலாம் என்பதைக் கடைசியில் போகிறபோக்கில் சொன்னாய். அடுத்த வார வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். கையில் இஸ்திரிப்பெட்டி இருந்ததால் நான் உம் கொட்டியதோடு சரி.

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த அப்பாவுக்குத்தான் உற்சாகம் தலைக்கேறிவிட்டது. நம் சலவைக் கடைக்கும் வியூகம் வேண்டும் என்று ஸ்டேஷன் பக்கத்து ஓட்டலின் படுக்கை விரிப்புகளை மறுநாளே ஒப்புக்கொண்டு வந்தார். வாடிக்கைக்காரர் துணியையும் விடமாட்டாராம். எல்லாவற்றுக்கும் ஒரே தொட்டி, ஒரே கஞ்சி, நேரம் மிச்சம் என்றார். கடையில் கஞ்சி போடும் அக்கா தலையில் அடித்துக்கொண்டாள், அவர் கேட்டால்தானே. மொடமொடப்பாக வேண்டும் என்று கேட்ட ஓட்டல்காரர் இன்னும் போதவில்லை என்றார். எதிர்வீட்டு வாத்தியாரம்மாவின் இரவு உடையோ தானாகவே நின்றது. அவர் அதைக் கொண்டுவந்து மேசைமேல் நிறுத்திவிட்டு, "இதப் போட்டுப் படுத்தா திரும்பவே முடியல, சத்தம் வேற கேக்குது" என்றார். அப்பா அன்றே விரிப்புகளை மூட்டை கட்டித் திருப்பி அனுப்பிவிட்டார். இரண்டு நாளாக வியூகம் என்ற பேச்சே இல்லை.

சிரிக்கத்தான் எழுதினேன், ஆனால் நீ சொன்ன சனிக்கிழமை ஏற்பாடும் எனக்கு இப்படித்தான் படுகிறது. வாரமெல்லாம் விற்பனைக்காக அலைந்துவிட்டு வரும் உனக்கு, ஒரு குழந்தை எதற்கு முகம் சுளிக்கிறது என்று பொறுமையாகப் பார்க்கத் தோன்றுமா? அன்று அந்தப் பதவியைப் பற்றிப் பேசும்போது வானிலை அறிக்கை வாசிப்பதுபோலப் பேசினாய். நடுவில், நீ கருவி பொருத்தியதும் முதல்முறையாகத் தன் அம்மாவின் குரலைக் கேட்டுத் திரும்பிப் பார்த்த சின்னக்குட்டியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாய் பார், அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூட உனக்குத் தெரியவில்லை. அந்தச் சத்தம் எனக்கு இங்கே கேட்டது.

பதவி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதில் உனக்கு ஆசை இருந்தால் தாராளமாகப் போ, சந்தோஷம். ஆனால் எங்களுக்கு வயதாகிறது என்பதற்காகப் போகாதே. நீ போட்ட கணக்கு முழுவதும் அந்தக் கடைசி வரிக்காகத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. தப்பாக இருந்தால் திட்டு. நீ பக்கத்தில் வந்தால் நன்றாகத்தான் இருக்கும், இல்லை என்று சொன்னால் அது பொய். உன் அறையைப் பெருக்கும்போதெல்லாம் எனக்கு அந்த நினைப்புத்தான். ஆனால் பிடிக்காத வேலைக்குப் போய்விட்டு வரும் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் இருக்க முடியாது. எங்களைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டு மறுபடி போட்டுப் பார்.

நீ எதைச் செய்தாலும் அது உனக்குக் கைகூட வேண்டும், உடம்புக்கு ஒன்றும் வராமல் நீ நன்றாக இருக்க வேண்டும். அப்பாவும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார். ஒன்று மறக்காதே: வெள்ளிக்கிழமை போன் செய்யும்போது ஸ்பீக்கர் வேண்டாம், முடிவை முதலில் என்னிடம் மட்டும் சொல். நீ வரவில்லை என்றால் நான் முதலில் அழுது முடித்துவிட்டுத்தான் அவரைத் தேற்ற வேண்டும்.

என்றும் உன்
அம்மா