பிள்ளையார் தகட்டின் கீழ் இருந்த பெயர்

என் ஆசை அண்ணைக்கு,

நீங்கள் போய் ஓராண்டு ஆகப்போகிறது. சுகம் கேட்க வழியில்லை. இங்குள்ள செய்தியைச் சொல்கிறேன். என் கடைக்குட்டி பூரணத்துக்குச் சம்பந்தம் பொருந்தியது. மாப்பிள்ளைக்குக் காங்கேசன்துறையில் சுங்க உத்தியோகம். சீதனமாகக் கொடுக்க என்னிடம் இருந்தது உங்கள் கார் ஒன்றுதான்.

உங்கள் கார் என்றா எழுதிவிட்டேன்? மருதனார்மடத்துக் காணியில் என் பாதியை உங்களுக்கு எழுதித் தந்து வாங்கியது அல்லவா அது. "நீ படிப்பிக்கிறவன், மண்வெட்டி பிடிப்பியோ? இது மகாராசாக்கள் ஏறிற கார். மலைநாட்டுத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை அருமை தெரியாமல் தந்திட்டான்," என்றீர்கள். நான் மறுத்துப் பேசவில்லை. உங்களிடம் எப்போதுதான் மறுத்துப் பேசினேன்?

உலகச் சண்டை நடக்கும் இந்த நேரத்தில் புதுக் கார்கள் கப்பலில் வருவதில்லை. பழையதற்கும் நல்ல மதிப்பு. எவ்வளவு பெறும் என்று சம்பந்தி கேட்டதால், குருநகரில் கார் திருத்தும் கராச் வைத்திருக்கும் சூசைப்பிள்ளையை அழைத்தேன். முன்விளக்குகளைத் துடைத்துப் பார்த்து, "உது அசல்தான், மாஸ்ரர்," என்றார். பிறகு காரின் கீழே படுத்து ஓர் இடத்தை விரலால் தட்டிப் பார்த்தார். அடிச்சட்டத்தில் ஒட்டுப் போட்டிருந்த இடத்தை நானும் முன்பு கண்டு அளந்திருக்கிறேன். எனக்கு என்ன தெரியும் என்று விட்டுவிட்டேன்.

"கம்பனித் தகடு எங்கை?" என்று கேட்டார்.

ஓட்டுபவரின் முன்னால், அது இருக்கவேண்டிய இடத்தில் பிள்ளையார் இருந்தார். கார் வந்த அன்று, கோயிலில் தேங்காய் உடைத்துவிட்டு, உங்கள் கையாலேயே நீங்கள் பூட்டிய பித்தளைத் தகட்டுப் பிள்ளையார். வெள்ளிக்கிழமை தவறாமல் அவருக்குச் சந்தனம் வைத்து வந்தேன்.

"நீங்களே கழட்டுங்கோ. நான் மாதா கோயிலுக்குப் போற வேதக்காரன். உங்கடை பிள்ளையாரிலை கைவைச்சன் எண்டால் பிறகு கராச்சுக்கு ஒருத்தரும் வரமாட்டினம்," என்றார் சூசைப்பிள்ளை.

குளித்துவிட்டு வந்து, கற்பூரம் காட்டி, நான்கு திருகாணிகளையும் கழற்றினேன். கீழே கம்பனித் தகடு; அதில் ஒரு அமெரிக்க லொறிக் கம்பனியின் பெயர்.

சூசைப்பிள்ளை சிரிப்பை அடக்கப் பார்த்தார். "ராசாவின்ரை தலையைக் கொண்டுவந்து லொறியின்ரை கழுத்திலை வைச்சிருக்கினம். முகப்புக்கும் விளக்குக்கும் தனி விலை போடுவம். மிச்சம் லொறி விலை. சண்டிலிப்பாயிலை புகையிலை ஏத்த ஆரும் வாங்குவினம்." பிறகு குரலைத் தணித்தார். "பிள்ளையாரைத் திருப்பிப் பூட்டினால் சம்பந்தி வீட்டாரும் கழட்டமாட்டினம், மாஸ்ரர்."

துரை உங்களையும் ஏமாற்றியிருக்கலாம் என்றே நினைக்க விரும்பினேன். ஆனால் கம்பனித் தகடு இருந்த அதே நான்கு துளைகளில்தான் பிள்ளையாரும் பூட்டப்பட்டிருந்தார். அந்தத் தகட்டின் திருகாணிகளைக் கழற்றாமல் இவரை வைத்திருக்க முடியாது. அந்தப் பெயரை வாசிக்காமலா அதை மூடினீர்கள், அண்ணை? தம்பி பிள்ளையாரில் கைவைக்கமாட்டான் என்று என் பயத்தையும் பக்தியையும் சேர்த்தே கணக்குப் பார்த்தீர்களா?

பூரணம் இரவெல்லாம் அழுதிருக்கவேண்டும். காலையில் முகத்தைக் கழுவிவிட்டு வந்து, "மூடிக் குடுக்காதேங்கோ, ஐயா. பிறகு அந்த வீட்டிலை நான் என்னெண்டு இருக்கிறது?" என்றாள்.

போய்ச் சொன்னேன். சம்பந்தி வெற்றிலையை மென்றபடி கேட்டுக்கொண்டிருந்தார். "வந்து சொன்னது நல்லது, மாஸ்ரர். லொறியிலை ஏறி என்ரை பெடியன் சுங்கக் கந்தோருக்கு வேலைக்குப் போறதே? காணி எண்டால் கதைப்பம். பங்குனி முடியுமட்டும் பொறுப்பம்."

அந்தக் காணி இப்போது உங்கள் மகனிடம் இருக்கிறது. ஊரில் உங்களை இன்னமும் நேர்மையான மனிதர் என்கிறார்கள். இதுவரை நானும் அப்படித்தான் சொல்லி வந்தேன்.

உங்கள் திவசத்தை ஒரு குறையுமின்றி நானே முன்னின்று செய்வேன். மறுநாள் உங்கள் மகனிடம் போய், என் பாதியைப் பூரணத்தின் பெயருக்கு எழுதித் தரும்படி கேட்பேன். என் சுபாவம் உங்களுக்குத் தெரியும்; படலை வாசல் வரை போய்த் திரும்பிவிடுவேன். அதனால்தான் இதைப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். ஊருக்கு முன்னால் சொல்லிவிட்டால் திரும்ப முடியாது. ‘தயவாகக் கேட்பேன்’ என்றுதான் முதலில் எழுதினேன். ‘தயவாக’ என்பதை வெட்டிவிட்டேன்.

உங்களோடு ஒரே பாயில் படுத்து வளர்ந்த தம்பி,
பொன்னையா