அப்பா சாய்ந்த இடம்

பிப்ரவரி 3

அப்பாவின் உயரத்தைத் தூக்கிக்கொண்டு போன என் நெட்டை மகளுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நான் நலம். மூட்டுவலி என்னைவிட நலம். மாப்பிள்ளையும் குட்டியும் சுகம் என்று போனில் சொன்னாய். போனில் நீ நல்லாயிருக்கேன் என்பாய், நானும் நல்லாயிருக்கேன் என்பேன், அதற்குள் குட்டி எதையாவது கொட்டிவிடும், நீ வைத்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீ ஏற்பாடு செய்த பெயிண்டர் வந்தார். கை சுத்தம், வாய்தான் மூடுவதில்லை. இரண்டு அறையும் சமையலறையும் முடிந்துவிட்டன. நீ சொன்ன நிறம் டப்பாவில் ஒரு மாதிரி, சுவரில் ஒரு மாதிரி. கண்ணை உறுத்தவில்லை, அதுவரைக்கும் சரி.

கூடத்தில் மூன்று சுவரை அடிக்கச் சொன்னேன். நாலாவது வேண்டாம் என்றுவிட்டேன். அப்பாவின் நாற்காலிக்குப் பின்னால் இருக்கும் சுவர். நாள் முழுக்கப் பஸ் ஓட்டிவிட்டு வந்து, குளித்து, தலைக்கு எண்ணெய் தடவிக்கொண்டு, அதில் உட்கார்ந்து தலையைச் சுவரில் சாய்ப்பாரே. "டிரைவர் சீட்ல சாய முடியுமா? வீட்லயாவது சாஞ்சுக்கறேன்" என்பார். அந்த எண்ணெய்க்கறைக்காக எத்தனை வருஷம் அவரோடு மல்லுக்கு நின்றிருப்பேன். துண்டைப் போட்டுச் சாயுங்கள், துண்டைப் போட்டுச் சாயுங்கள் என்று என் தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம். இப்போது அவர் இல்லை. கறையாவது இருந்துவிட்டுப் போகட்டும்.

பெயிண்டருக்கு மனசே ஆறவில்லை. "மூணு சுவர் புதுசு, ஒண்ணு அழுக்குன்னா பாக்கறவங்க என்னைத்தாம்மா திட்டுவாங்க" என்றார். திட்டுகிறவர்களை என்னிடம் அனுப்பச் சொன்னேன்.

இந்தத் தடவையாவது லீவைத் தள்ளிப்போடாதே. அப்பா போனபோது உனக்கு நிறைமாதம், டாக்டர் விடவில்லை. அதற்கு யாரும் உன்னைக் குறை சொல்லவில்லை. அதன் பிறகு இரண்டு முறை வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் இருந்தாயே, அதற்கு நான் குறை சொல்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா


பிப்ரவரி 18

அன்புள்ள அம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. குட்டி அதன் ஓரத்தைக் கடித்துவிட்டாள். மீதியைப் படித்தேன்.

குட்டிக்குத் தூசி ஒத்துக்கொள்ளாது, அதனால் வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க வேண்டும் என்று சொன்னேன் இல்லையா? அவளுக்குத் தூசியெல்லாம் ஒன்றும் செய்யாது. மண்ணையே தின்கிறாள். எனக்கு அந்த ஒரு சுவரைத்தான் அடிக்க வேண்டியிருந்தது. அதை நேராகச் சொல்லத் தைரியம் இல்லாமல் வீடு முழுவதையும் சொன்னேன். நீ அதை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் அடித்து வைத்திருக்கிறாய்.

நீ வீடியோவில் பேசும்போது அந்த நாற்காலியில்தான் உட்காருகிறாய். உன் தலைக்கு மேலே அது தெரிகிறது. நான் உன் முகத்தைப் பார்ப்பதா அதைப் பார்ப்பதா என்று தெரியாமல்தான் சீக்கிரம் வைத்துவிடுகிறேன்.

அம்மா, அப்பாவைக் கடைசியாக நான் போனில்தான் பார்த்தேன். படம் நின்று நின்று வந்தது. நடுவில் அறுந்துபோனது. திரும்ப வந்தபோது தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள், காலியான கூடத்தைத்தான் பார்த்தேன். அதனாலோ என்னவோ, என்னைப் பொறுத்தவரை அவர் இன்னும் டியூட்டிக்குப் போயிருக்கிறார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே நேராக அந்தச் சுவர்தான் கண்ணில் படும். தலை வைத்த இடம் இருந்து தலை இல்லாததை நான் எப்படிப் பார்ப்பேன்? அதற்குப் பயந்துதான் இரண்டு முறையும் வரவில்லை. லீவு கிடைக்கவில்லை என்று சொன்னதெல்லாம் சும்மா.

அதை அடித்துவிடச் சொல். அடித்துவிட்டால் டிக்கெட் போடுகிறேன். மிரட்டுவதாக நினைக்காதே. கெஞ்சுகிறேன்.

உன்,
நெட்டை


மார்ச் 6

என் கண்ணுக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. அவர் விட்டுவிட்டுப் போனது அது ஒன்று, அதையும் அழிக்கச் சொல்கிறாளே என்று இரண்டு நாள் உன் மேல் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு இருந்தேன். நீ பக்கத்தில் இருந்தால் பேசாமல் இருந்திருப்பேன். நீ தூரத்தில் இருக்கிறாய், நான் பேசாமல் இருப்பது உனக்கு எப்படித் தெரியும்?

நேற்று பெயிண்டர் ஏணியை எடுத்துப் போக வந்தார். வந்தவர் சும்மா போவாரா? நாற்காலியை நகர்த்திவிட்டு அந்தச் சுவரிடம் போய் நின்றார். "ஏம்மா, இது ஒரு கறை இல்லையே. ரெண்டு இருக்கே" என்றார். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போய்ப் பார்த்தேன். மேலே ஒன்று, உலர்ந்து மங்கிப் போயிருக்கிறது. அதற்கு ஒரு சாண் கீழே இன்னொன்று, பளபளவென்று. தொட்டால் விரலில் பிசுக்கு ஒட்டுகிறது. நீளமாக ஒரு நரைமுடியும் ஒட்டியிருந்தது.

என் முடி.

அவர் டியூட்டி முடிந்து வரும் நேரத்துக்குக் கால் தானாக அந்த நாற்காலிக்குப் போய்விடுகிறது. உட்காருவேன். எப்போது சாய்வேன், எவ்வளவு நேரம் சாய்ந்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. இரண்டு வருஷமாக அவர் கறையைக் காவல் காப்பதாக நினைத்துக்கொண்டு என் கறையை வளர்த்திருக்கிறேன். துண்டைப் போட்டுச் சாய் என்று என்னைத் திட்டத்தான் ஆள் இல்லை. முதலில் சிரிப்பு வந்தது. பெயிண்டரும் கூடச் சிரித்தார். அப்புறம் நான் அழ ஆரம்பித்ததும் அந்த மனுஷன் என்ன செய்வதென்று தெரியாமல் ஏணியைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

ராத்திரி யோசித்துப் பார்த்தேன். போனவரை வைத்துக்கொள்கிறேன் என்று இருக்கிறவளை வாசலோடு நிறுத்தி வைத்திருக்கிறேன். நாளைக்கு வந்து அடிக்கச் சொல்லிவிட்டேன். "ஒரு கோட்டு போதும், தடமே தெரியாது" என்று அடித்துச் சொல்கிறார்.

டிக்கெட் போடு.

இப்படிக்கு,
உன் அம்மா


மார்ச் 9

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் பதிலுக்குக் காத்திருக்காமல் எழுதுகிறேன். அந்தச் சுவரை அடிக்க வேண்டாம். இன்னும் அடிக்கவில்லைதானே?

இங்கே எங்கள் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கும் அறைக்கு வெளியே சுவரோரமாக வரிசையாக நாற்காலி போட்டிருக்கிறோம். கூட வந்தவர்கள் காத்திருக்கும் இடம். எல்லோரும் எந்நேரமும் தலையைச் சாய்த்துத் தூங்குவார்கள். காலையில் துப்புரவு அக்கா வந்து சோப்புத் தண்ணீரால் சுவரைத் துடைப்பார். நான் தினமும் அதைத் தாண்டித்தான் ஊசிப் பெட்டியோடு உள்ளே போகிறேன், ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை. நேற்று பார்த்தேன். ஒவ்வொரு நாற்காலிக்கு மேலேயும் ஒரு வட்டம். அக்கா அதில் துணியை வைத்ததும் என்னையறியாமல் "அக்கா, அதை விட்டுடுங்க" என்று கையைப் பிடித்துவிட்டேன். "ஏம்மா, டெஸ்ட்டுக்கு வேணுமா?" என்று கேட்டார். அவ்வளவுதான். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அப்பாவுக்காக நான் சத்தம் போட்டு அழுதது அதுதான் முதல் தடவை.

எனக்கு அதைப் பார்க்க வேண்டும் அம்மா. பார்த்தால்தான் அவர் போய்விட்டார் என்று நம்புவேன். நம்பினால்தான் அந்த வீட்டுக்குள் வந்து உன் பக்கத்தில் உட்கார முடியும். இதைப் போனில் சொல்லப் பார்த்தேன். நீ எடுத்து "குட்டி சாப்பிட்டாளா" என்று கேட்டதும் சொல்ல வந்தது நின்றுபோனது. சாப்பிட்டாள் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

பெயிண்டரை நிறுத்திவிடு.

உன்,
நெட்டை


மார்ச் 25

என் கண்ணுக்கு,

உன் கடிதம் வந்தபோது சுவர் அடித்துக் காய்ந்துவிட்டிருந்தது. வாசலிலேயே நின்று படித்தேன். அப்புறம் நாற்காலியில் வந்து உட்கார்ந்தேன். புதுச் சுவரில் சாய மனசு வரவில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளையாட்டம் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தேன். குட்டி சாப்பிட்டாளா என்று கேட்ட வாயை என்ன செய்வது? அன்றைக்கு அதைக் கேட்காமல் இருந்திருக்கலாம். இதை உனக்கு எப்படி எழுதுவது என்றுதான் இத்தனை நாள் பேனாவைத் தொடவில்லை.

போன வாரம் காலை வெயில் கூடத்துக்குள் வந்தபோது பார்த்தேன். சுவரில் லேசாக மஞ்சள் தட்டியிருந்தது. கண் கோளாறு என்று நினைத்தேன். மறுநாள் இன்னும் கொஞ்சம் தெரிந்தது. பெயிண்டருக்குச் சொல்லியனுப்பினேன். வந்து பார்த்தவருக்கு முகமே செத்துவிட்டது. பேசாமல் இன்னொரு கோட்டு அடித்துவிட்டுப் போனார். அதையும் தாண்டி வந்துவிட்டது.

"எண்ணெய் உள்ளுக்குள்ள இறங்கியிருக்கும்மா. மேல அடிச்சா நிக்காது. சுரண்டி எடுத்துட்டு அடிச்சாத்தான் போகும். காசு வேணாம், என் பேர் கெட்டுடும்" என்றார். சுரண்டுகிற தகட்டைக் கையில் எடுத்துவிட்டார். நான் போய்ச் சுவருக்கு முன்னால் நின்றுகொண்டேன். தகட்டைப் பையில் போடும்வரைக்கும் நகரவில்லை.

வந்திருப்பது மேலே இருந்த கறை மட்டும்தான். என்னுடையது மேலோட்டமானது போல, ஒரு கோட்டிலேயே போய்விட்டது. அவருடையது முன்னே மாதிரி அழுக்காகவும் இல்லை. ஒரு உள்ளங்கை அளவுக்கு, இருக்கிறதா இல்லையா என்று தேடினால் தெரிகிற மாதிரி இருக்கிறது. வாசலில் செருப்பைக் கழற்றும்போது உன் கண்ணில் படாது. கிட்டே வந்தால்தான் தெரியும்.

சுரண்டுவதா வேண்டாமா என்பதை என் மகள் வந்து சொல்லுவாள் என்று பெயிண்டரிடம் சொல்லி அனுப்பிவிட்டேன்.

நாற்காலியைப் பழைய இடத்திலேயே போட்டிருக்கிறேன். உட்கார்ந்து எட்டிப் பார்த்தேன், என் தலைக்கு அது எட்டவில்லை. நீ அப்பா உயரம். நீ உட்கார்ந்தால் சரியாக இருக்கும். வந்து சாய்ந்துகொள். துண்டு போடச் சொல்ல மாட்டேன்.

இப்படிக்கு,
உன் அம்மா