பிற வருவாய் யாதேனும் உளதா?

ஜூன் 3

வரித் தாக்கல் செயலிக்கான முப்பத்தொரு கேள்விகளையும் இன்று எழுதி முடித்தேன். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு, எஞ்சியதை நானே கற்ற என்னிடம் நிறுவனம் இப்பணியை ஒப்படைத்திருக்கிறது. பதினான்காம் கேள்வி எனக்கே பெருமிதம் தருகிறது: ‘சென்ற நிதியாண்டில் முதன்மைத் தொழில் நீங்கலாகத் தங்களால் ஈட்டப்பெற்ற பிற வருவாய் யாதேனும் உளதா?’ இதில் எந்தச் சொல்லை எடுக்க இயலும்?

ஜூன் 9

வெள்ளோட்டத்துக்கு, பிற வருவாய் உள்ளவர்களாகவே பார்த்துத் தேர்ந்த நாற்பது பேருள் முப்பத்தேழு பேர் பதினான்காம் கேள்விக்கு ‘இல்லை’ என்று அழுத்தியிருக்கிறார்கள். என் தங்கையும் அவர்களுள் ஒருத்தி. அவளது ரொட்டிக்கடை மாடியில் ஒரு தையல்காரர் வாடகைக்கு இருக்கிறார்.

மேலாளர் குரலை உயர்த்தவில்லை. “இருபத்தொண்ணாம் தேதி மறுபடி பாப்போம்மா. அப்பவும் இப்படின்னா, கேள்வி எழுதுற வேலைய வெளியில குடுத்துடலாம்.”

வெளியிலாமே!

ஜூன் 10

செயலியைக் குறை கூறுவதற்கில்லை. ‘இல்லை’ என்றால் நம்பிவிடுகிறது, பாவம்.

ஜூன் 13

கடைக்கே சென்று தங்கையை விசாரித்தேன்.

“குற்றப்பத்திரிகை மாதிரி இருந்துச்சுக்கா. இல்லைன்னா விட்டுடுவாங்கன்னு அழுத்திட்டேன்.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. “ஏண்டி, மாடிக்கு வாடகை வருதா, வரலையா?”

“வருதே. இப்படிக் கேட்டா சொல்ல மாட்டேனா?”

ரொட்டி சுற்றும் தாளில் அதையே எழுதிக்கொண்டு திரும்பினேன்.

ஜூன் 17

‘உங்களுக்கு வாடகை வருகிறதா?’ இதைவிட எளிதாக எப்படிக் கேட்பது? வெள்ளோட்டத்தில் இருந்த, இரண்டு வீடுகளை வாடகைக்கு விட்டிருக்கும் ஓய்வுபெற்ற ஓட்டுநர் ‘இல்லை’ என்றார்.

“மூணு மாசமா குடுக்கலையேம்மா. எங்க வருது?”

ஆகவே, ‘சென்ற ஆண்டு ஒரு மாதமாவது வாடகை வாங்கினீர்களா?’ பிறகு வங்கி வட்டிக்கு ஒன்று, பகுதிநேர வேலைக்கு ஒன்று — என் ஒற்றை வாக்கியம் ஆறு குட்டி போட்டுவிட்டது. எளிமை இவ்வளவு இடத்தை அடைக்குமா?

ஜூன் 21

நாற்பதில் இருவர் மட்டுமே பிழை செய்தனர். மேலாளர் பட்டியலை இருமுறை பார்த்தார். “தாக்கல் முடிஞ்சதும் திரையில ஒரு வாசகம் வரணும்மா. அதையும் நீங்களே எழுதிடுங்க.”

ஜூன் 23

‘தங்களது வரித் தாக்கல் செவ்வனே ஏற்கப்பெற்றது என்பதைப் பெருமகிழ்வுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.’ அழகுதான். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னர் அடித்துவிட்டு எழுதினேன்: ‘வேலை முடிந்தது. நீங்கள் போகலாம்.’

பெருமகிழ்வை நான் வைத்துக்கொண்டேன்.